பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்க நினைப்பவர்களுக்கு

பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தை வீட்டுக்கு வருவதற்குள் அலைபேசிக்குப் பெயர்ப் பட்டியல் வந்துவிடுகிறது. பையன் என்றால் 'ஷ்' என்று முடியும், பெண் என்றால் 'ஷா' என்று முடியும். அலமேலுவும் சொக்கலிங்கமும் அதில் இருப்பதில்லை. "எங்க பாட்டி பேரையே வச்சா என்ன?" என்று யோசிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யலாம்.

1. தேடலைப் பரணிலிருந்து தொடங்குங்கள். கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டா, தவலை, எவர்சில்வர் தூக்கு ஆகியவற்றின் விளிம்பைப் புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தால், புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் தெரியும். சிலவற்றில் தேதியும் இருக்கும். பழைய கிரயப் பத்திரம், ஜாதக நோட்டு, மொய் நோட்டு, பெட்டிக்கு அடியில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகை எல்லாமே உதவும். பத்திரங்களில் "இன்னார் குமாரர் இன்னார்" என்று ஆண்கள் வரிசையாக வருவார்கள். பெண்களின் பெயர் பாத்திரத்தில்தான் அதிகம் கிடைக்கும். கொள்ளுப்பாட்டியைத் தேடுகிறவர்கள் பீரோவை விடச் சமையலறைப் பரணை நம்பலாம்.

2. வைத்த பெயர் எது, கூப்பிட்ட பெயர் எது என்று வீட்டில் மூத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். டி.கே. பட்டம்மாளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அலமேலு. எம்.எஸ். சுப்புலட்சுமி வீட்டுக்குக் குஞ்சம்மா. உ.வே. சாமிநாதையருக்கு வைத்த பெயரும் வேறுதான். வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்ற பெயரே ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குப் பிடித்துப்போய், அதுவே தமிழுலகத்தில் நிலைத்தது. உங்கள் பாட்டி எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தாரோ அதுதான் அவர் பெயர். சான்றிதழில் இருந்த லோகநாயகியை விட, ஊரே கூப்பிட்ட குஞ்சம்மாவை எடுப்பதில் ஒரு தவறும் இல்லை.

3. குலதெய்வம் எது என்று மறந்துபோன குடும்பங்களுக்கு மூன்று தலைமுறைப் பெயர்களே நல்ல துப்பு. நெல்லையப்பன், காந்திமதி என்றால் திருநெல்வேலி. சங்கரலிங்கம், கோமதி என்றால் சங்கரன்கோவில். தையல்நாயகியும் முத்துக்குமாரசாமியும் ஒரே வீட்டில் இருந்தால் வைத்தீஸ்வரன்கோயில் வழிபாடு நிச்சயம். அகிலாண்டம் திருவானைக்காவல், கற்பகமும் கபாலியும் மயிலாப்பூர், நீலாயதாட்சி நாகப்பட்டினம், உண்ணாமுலை திருவண்ணாமலை, அர்த்தநாரியும் செங்கோடனும் திருச்செங்கோடு, அவிநாசியப்பன் அவிநாசி. தென்கோடியில் காவல் தெய்வங்களே பிள்ளைகளின் பெயராக இறங்கிவிட்டார்கள்: இசக்கியம்மாள், சுடலைமுத்து, பேச்சிமுத்து, முப்பிடாதி. செட்டிநாட்டு வீடுகளில் இந்தத் தேடலே தேவைப்படாது. உமையாள், மெய்யப்பன், வள்ளியம்மை, அழகப்பன் எல்லாம் அங்கே தாத்தாவிடமிருந்து பேரனுக்கும் பாட்டியிடமிருந்து பேத்திக்கும் நேராகவே கைமாறுகின்றன.

கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களிலும் இதே கதைதான். அருளப்பன் யோவானுக்கும், இராயப்பன் பேதுருவுக்கும், சின்னப்பன் பவுலுக்கும், சூசை யோசேப்புக்கும் உரிய பழைய தமிழ்க் கத்தோலிக்கப் பெயர்கள். பெரியநாயகி என்ற பெயர் சைவ வீட்டிலும் உண்டு, கோணான்குப்பம் மாதா கோயிலுக்குப் போகிற வீட்டிலும் உண்டு. சாகுல் ஹமீது, நாகூர் மீரான் என்றால் நாகூர் தர்காவுக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை என்று ஊகிக்கலாம்.

4. குப்பு, பிச்சை போன்ற பெயர்களைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அடுத்தடுத்துக் குழந்தைகள் தவறிப்போன வீட்டில், பிறகு பிறந்ததைக் குப்பைமேட்டில் ஒரு நிமிடம் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள், குப்புசாமி என்று பெயரிட்டார்கள். மூக்குக் குத்தி மூக்கன், மூக்காயி என்றார்கள். தவிட்டைக் கொடுத்து விலைக்கு வாங்கியதாகப் பாவனை செய்து தவிட்டம்மாள் என்றார்கள். சாமியிடம் யாசித்து வாங்கியது பிச்சை, பிச்சையம்மாள். இது வேண்டாத பிள்ளை என்று எமன் ஏமாந்து போகட்டும் என்பதே கணக்கு. அம்மைக்கும் பேதிக்கும் பிள்ளைகளை வாரிக் கொடுத்த காலத்தில் ஒரு தாய்க்கு மிஞ்சியிருந்த தந்திரம் அது. கொஞ்சியழைத்த பெயர்களை விட அதிகப் பாசம் இந்தப் பெயர்களில் இருக்கிறது என்பேன். குப்பு என்று இன்றைக்கு ஒரு குழந்தையைக் கூப்பிட்டால் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

போதும்பொண்ணு, வேண்டாம் ஆகியவை வேறு வகை. பெண் பிறந்தது போதும் என்று ஆண்டவனுக்குச் சொல்லியனுப்பிய பெயர்கள் அவை. அந்தப் பாட்டியை நீங்கள் எவ்வளவு நேசித்தாலும், அந்தப் பெயரை அவரோடு விட்டுவிடுங்கள்.

5. அதட்டிப் பாருங்கள். கொஞ்சும்போது எல்லாப் பெயரும் இனிக்கும், பால் டம்ளரைக் கொட்டிவிட்டு ஓடும் பிள்ளையை "டேய் சொக்கலிங்கம்!" என்று உங்களால் கத்த முடியுமா? மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்றிருந்த நாளில், அந்தப் பெயரைத் தாங்கிய பிள்ளைக்கு வீட்டில் ஐயா, ராசா, அப்பு, துரை என்று இன்னொரு பெயர் தானாக முளைத்தது. அந்த வழக்கம் போய்விட்டாலும் கூச்சம் போகவில்லை. வாய் வரவில்லை என்றால் கூப்பிடும் பெயர் ஒன்றை முதல் நாளே சேர்த்து வைத்துவிடுங்கள்.

6. சுருக்கலாம், ஆனால் பாட்டி காணாமல் போகக்கூடாது. காந்திமதி மதியாகலாம். அலமேலு அலமுவாகலாம், பழைய ஆட்களே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அபிதகுசாம்பாளிலிருந்து வந்த அபிதா லா.ச.ரா.வின் நாவலுக்கே தலைப்பானது. வடிவம்மாளில் அம்மாளைக் கழற்றினால் வடிவு என்று மிக அழகான பெயர் மிஞ்சுகிறது. இசக்கியை இஷா ஆக்குவதும், முனியாண்டியை முனீஷ் ஆக்குவதும் இந்தக் கணக்கில் சேராது. அதற்குப் பட்டியலில் உள்ள பெயரையே வைத்துக்கொள்ளலாமே.

7. நட்சத்திர எழுத்து பார்ப்பவர்கள் பழைய பெயர் கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். கார்த்திகைக்கு அ, இ, உ, எ: அலமேலு, அண்ணாமலை, உமையாள். ரோகிணிக்கு ஓ, வ, வி, வு: வடிவு, வள்ளியம்மை, விசாலாட்சி. மகத்துக்கு ம, மி, மு, மே: மங்களம், மீனாட்சி, முத்தையா. சித்திரைக்கு பே, போ, ரா, ரி: பேச்சியம்மாள், ராஜம். பூசத்துக்கு ஹு, ஹே, ஹோ, ட என்று வரும். அதற்கு எந்தத் தாத்தாவும் கைகொடுக்க மாட்டார். பஞ்சாங்க எழுத்தில் ஒரு பெயரைக் காதில் சொல்லிவிட்டு, பாட்டி பெயரைப் பதிவு செய்வதே வழி.

8. 'பழைய' என்பதன் எல்லை நகர்ந்துகொண்டே இருக்கிறது. இப்போது பிறக்கும் குழந்தைக்குப் பாட்டியாக இருப்பவர் சரோஜாவாகவோ பத்மினியாகவோ இருக்கலாம். தமிழ்ப் பெயர் இயக்கத்தின் காற்று வீசிய வீடுகளில் கயல்விழி, இளங்கோ, செந்தாமரை இருப்பார்கள். நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும், இராமையா அன்பழகனாகவும் தங்களை மாற்றிக்கொண்ட காலத்தின் பிள்ளைகள் அவர்கள். கொள்ளுத்தாத்தாவே வேண்டும் என்று அடம்பிடிக்காமல் இந்தத் தலைமுறையையும் கவனியுங்கள். கயல்விழி அறுபது ஆண்டுகளாகியும் கசங்காத பெயர்.

9. குடும்பத்தில் பிடித்தது எதுவும் அகப்படவில்லையா? இன்னும் பின்னால் போங்கள். காரைக்கால் அம்மையாரின் இயற்பெயர் புனிதவதி. அப்பரின் அக்கா திலகவதி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று ராஜராஜன் கோயில் பணிக்குக் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளை வீட்டு எண்ணோடு, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. சேரமங்கை, சோழகுலசுந்தரி, எடுத்தபாதம் எல்லாம் அதில் உண்டு. எடுத்தபாதம் என்று பெண்ணுக்குப் பெயர் வைத்த துணிச்சல் நமக்கு வராது, சேரமங்கை வரலாம்.

10. காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் பெயர் இல்லாமலே பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்க முடியும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் போன்றவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். ஆகவே கூப்பிடும் பெயர் எதுவானாலும், சான்றிதழில் ஏறுவதை நிதானமாக எழுதுங்கள். தையல்நாயகியை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக எழுதுவதா, இரண்டாகவா என்பதை முதல் விண்ணப்பத்திலேயே முடிவு செய்து, ஆதாரிலும் அப்படியே எழுதுங்கள். 'ழ' வரும் பெயர் என்றால் 'இசட்-எச்' போடுவதா வேண்டாமா என்பதும் அன்றே தீர வேண்டும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். நீண்ட பெயரோடு நீண்ட அப்பா பெயரும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது.

11. கடைசியாக, சம்பந்திச் சண்டை. தலைச்சன் பையனுக்கு அப்பா வழித் தாத்தா, அடுத்தவனுக்கு அம்மா வழித் தாத்தா என்று முறை வைத்திருந்தார்கள். ஒரே குழந்தையோடு நிறுத்திக்கொள்ளும் வீட்டில் அந்த 'அடுத்தவன்' வருவதே இல்லை. ஒரு பக்கத்துப் பெயரைச் சான்றிதழுக்கும் மறுபக்கத்துப் பெயரைக் கூப்பிடவும் வைத்துப் பாருங்கள். கூப்பிடும் பெயரைப் பெறுகிறவருக்குத்தான் லாபம் அதிகம், அதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். இரண்டு பாட்டிகளும் எதிரெதிரே உட்கார்ந்து விட்டுக்கொடுக்க மறுத்தால், பேசாமல் கொள்ளுப்பாட்டி பெயருக்குப் போய்விடுங்கள். அவரோடு சண்டைக்குப் போக இருவருக்குமே தைரியம் இருக்காது.