சதுரங்கப் பலகையின் எண்

சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள் உண்டு. முதற் கட்டத்தில் ஒரு கோதுமை மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் மொத்தம் எவ்வளவு ஆகும்? ஸிஸ்ஸா என்னும் அறிஞர் அரசரிடம் இதையே பரிசாகக் கேட்டார் என்ற கதையை, 1282-ல் காலமான இப்னு கல்லிக்கான் தமது நூலில் எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு வெகு காலம் முன்பே, 1000-ஆம் ஆண்டையொட்டி, அல்-பீரூனி அத்தொகையைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்.

விடை 18,446,744,073,709,551,615. நம் வழக்கில் ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரம் கோடி கோடிக்கும் மேல்.

இதைக் காண 64 முறை கூட்ட வேண்டியதில்லை. 2-ஐ அதனாலேயே பெருக்க 4, 4-ஐ அதனாலேயே பெருக்க 16, பிறகு 256, 65,536, 4,294,967,296. இதையும் அதனாலேயே ஒருமுறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் தீர்ந்தது. ஆறே பெருக்கல். பிள்ளைகளைக் கருவியைத் தொடாமல் ஒருமுறை தாளில் போடச் சொல்லுங்கள். போட்டபின் இலக்கங்களைக் கூட்டட்டும்: 87 வரும், 8-ம் 7-ம் 15, 1-ம் 5-ம் 6. ஆறு வராவிட்டால் எங்கோ பிழை. வந்துவிட்டால் மட்டும் சரியென்று முடிவு கட்டிவிடக் கூடாது, இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் ஆறுதான் வரும்.

இவ்வெண் 3, 5, 17, 257, 641, 65,537, 6,700,417 ஆகிய ஏழு பகா எண்களின் பெருக்கம் என்பதும் ஓர் அழகு. ஆனால் நமக்கு வேண்டிய குணம் வேறு. எந்தக் கட்டத்தை எடுத்தாலும், அதிலுள்ள மணி, அதற்கு முந்திய கட்டங்கள் அனைத்தின் கூட்டுத்தொகையைவிட ஒன்று அதிகம். 1, 2, 4, 8, 16 ஆகியவற்றைக் கூட்டினால் 31. அடுத்த கட்டம் 32.

இப்போது, "நூறு வெள்ளி கட்டு, இருவரைச் சேர்த்துவிடு, பணம் இரட்டிக்கும்" என்று கடைவாசலுக்கே காகிதத்தோடு வருகிறார்களே, அவர்கள் கணக்கைப் பார்ப்போம். ஒருவருக்குக் கீழே இருவர், அவர்களுக்குக் கீழே நால்வர், அதே பலகைதான். எங்கே நின்றாலும் கடைசி வரிசைக்காரருக்குக் கீழே யாருமில்லை. அவர்களோ மேலேயுள்ள எல்லோரையும்விட ஒருவர் அதிகம். ஆகவே சேர்ந்தோரில் பாதிக்கு மேல் நட்டப்பட்டே தீர வேண்டும். நடத்துபவன் யோக்கியனாயிருந்தாலும் இதே கதைதான். இரண்டு வரிசை நிரம்பினால்தான் முதல் திரும்பும் என்ற திட்டமானால் இன்னும் மோசம்: 63 பேரில் 48 பேர் போட்டதைக் காணமாட்டார்கள்.

"நாங்கள் சீக்கிரம் சேர்ந்துவிட்டோம், இன்னும் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள்" என்பார்கள் சிலர். 26-ஆம் வரிசைக்கு மட்டும் 3 கோடியே 35 லட்சம் பேர் வேண்டும். மலேசியாவின் மக்கள் தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான். அதில் தொட்டிற் பிள்ளைகளும் அடக்கம்.