பைக் ஏறும் வண்டி என்றால் உறுதியான வண்டியா?

“டாய் ஹாலர்னா கெட்டியாத்தான் கட்டியிருப்பாங்க அண்ணா. பைக்கையே ஏத்தறாங்களே!”

இதை இந்த ஒரு சீசனில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன்! சொல்பவர்களில் பாதிப் பேரிடம் பைக்கே கிடையாது. இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, கோடை விடுமுறையில் யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன் என்று ஒரு சுற்று. அதற்கு ஒரு கேம்பர் வேண்டும், பத்து வருடமாவது உழைக்க வேண்டும். பைக் ஏற்றும் வண்டியைவிட உறுதியானது வேறு என்ன இருக்க முடியும் என்று முடிவுகட்டி, முன்பணமும் கொடுத்துவிட்டு, அதன் பிறகு என்னிடம் கேட்கிறார்கள். தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு பழுதுபார்க்கும் பட்டறையில் வருடக்கணக்காக இந்த வண்டிகளின் தரையையும் சுவரையும் பிரித்துக்கொண்டிருப்பவன் நான். இந்த நம்பிக்கை தவறு. பணத்தைக் கரைக்கும் தவறு.

டாய் ஹாலர் என்பது பின்சுவர் முழுதும் கீழே சாய்ந்து சரிவுப்பலகையாக மாறும் கேம்பர் டிரெய்லர். முன்பாதியில் அடுப்பு, கட்டில், கழிவறை. பின்பாதி காலியான கராஜ். டர்ட் பைக்கையோ மணல்மேட்டில் ஓட்டும் யூடிவியையோ அதில் ஏற்றிக்கொண்டு கிளாமிஸ் மணல்மேடுகளுக்கோ மோவாபுக்கோ போவார்கள். அந்தப் பாரத்துக்காகக் கராஜின் தரைப்பலகை தடிப்பாக இருக்கும். அடியில் குறுக்குச் சட்டங்கள் கூடுதலாக இருக்கும். ஆக்ஸில் பெரிதாக இருக்கும். இவ்வளவும் உண்மை. உறுதி அதோடு நின்றுவிடுகிறது.

அமெரிக்காவின் கேம்பர்களில் பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் உருவாகின்றன. சாதாரண டிரெய்லருக்கும் டாய் ஹாலருக்கும் சுவர் பெரும்பாலும் ஒன்றுதான்: மரச்சட்டமோ அலுமினியச் சட்டமோ, நடுவே நுரை, இருபக்கமும் மெல்லிய பலகை, வெளியே ஃபைபர்கிளாஸ் தோல். கூரையும் அதே ரப்பர் விரிப்புதான். பைக் சுவரின் மேல் நிற்பதில்லை, தரையின் மேல் நிற்கிறது. பைக்குக்காகச் சுவரை யாரும் தடிப்பாக்குவதில்லை.

சொல்லப்போனால் ஒரு விஷயத்தில் டாய் ஹாலர் சாதாரண டிரெய்லரைவிடப் பலவீனமானது. தீப்பெட்டியின் உள்கூட்டை உருவிவிட்டு, வெறும் வெளிக்கூட்டை விரலால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள், அப்படியே சாய்ந்துவிடும். ஒரு முனையை அட்டை ஒட்டி மூடிவிட்டால் அந்த முனை சாயாது. நான்கு சுவர் உள்ள டிரெய்லரில் பின்சுவர்தான் அந்த அட்டை. டாய் ஹாலரில் அந்த இடத்தில் இருப்பது ஒரு கதவு. கதவுச்சட்டத்தை இரும்பால் கட்டி ஓரளவு ஈடுசெய்கிறார்கள். ஆனாலும் மேடுபள்ளமான பாலைவனப் பாதையில் பின்பக்கம் முறுகத்தான் செய்யும். முறுகினால் மூலைகளில் பூசிய பசை வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும்.

கேம்பரைக் கொல்வது தண்ணீர்தான். பாரம் தாங்காமல் நடுவே முறிந்த வண்டிகளைவிட, உள்ளே ஊறி உளுத்துப்போன வண்டிகளையே நான் அதிகம் பிரித்திருக்கிறேன். டாய் ஹாலரின் பின்கதவு அதற்கென்றே வாசல் திறந்து வைத்ததுபோல. கதவைக் கிடைமட்டமாக நிறுத்தி, கைப்பிடி மாட்டி, திண்ணைபோல உட்காரலாம் என்று விளம்பரத்தில் அழகாகக் காட்டுகிறார்கள். மழை பெய்தால் அந்தத் திண்ணையில் விழும் தண்ணீர் கீல் பக்கமாக ஓடிக் கதவுக்குள் இருக்கும் பலகையில் இறங்குகிறது. மூன்றே வயதான ஒரு வண்டியை ஒரு குடும்பம் வாங்கி, வாங்கிய மறுவாரம் எங்களிடம் கொண்டுவந்தது. பின்கதவின் கீழ்மூலையில் ஸ்குரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், ஊறிய ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது. வாங்குவதற்கு முன் அந்த மூலையைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தியிருந்தால் போதும். விற்றவர் அவர்களுக்குக் காட்டியது தொலைக்காட்சியையும் நீல விளக்குகளையும்.

எனவே பழைய வண்டியோ புதியதோ, முதலில் பின்கதவின் மூலைகள், ரப்பர் விளிம்பு, கீல். அடுத்து, காலைவெயில் சாய்ந்து விழும்போது முன்மூலையில் நின்று பக்கச்சுவரை நீளவாக்கில் பாருங்கள். ஃபைபர்கிளாஸ் எங்காவது உப்பியிருந்தால் உள்பலகை பசைவிட்டுப் பிரிந்துவிட்டது என்று பொருள், பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். ஏணி வைத்துக் கூரையில் ஏறிப் பாருங்கள். காற்றுப்போக்கி, ஏசி, ஏணிக்கால் என்று கூரையில் துளையிட்ட ஒவ்வொரு இடத்திலும் பூசிய பசை விரிசல் இல்லாமல் இருக்க வேண்டும். வாங்கிய பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். கடைசியாக வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பைக்கைக் கட்டும் வளையங்களின் போல்ட் இரும்புச்சட்டத்தைப் பிடித்திருக்கிறதா, வெறும் பலகையைப் பிடித்திருக்கிறதா என்பது கீழிருந்து பார்த்தால்தான் தெரியும்.

இனி பாரம். பைக் ஏற்றும் வண்டி, எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும் என்ற நினைப்பும் அதே வதந்தியின் பிள்ளைதான். நுழைவாயில் கதவருகே ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும். ஏற்றக்கூடிய சரக்கின் எடை இதைத் தாண்டக் கூடாது என்று அதில் எண் போட்டிருப்பார்கள். உதாரணமாக 3,200 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். பார்க்கப் பெரிய எண். இருவர் அமரும் யூடிவி ஒன்று 1,600 பவுண்டு. ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு, 100 கேலன் தொட்டி நிரம்பினால் 834. பெட்ரோல் கேலனுக்கு 6 பவுண்டுக்குச் சற்று மேல், 30 கேலனுக்கு 180க்கு மேல். கூட்டிப் பாருங்கள், 2,600 தாண்டிவிட்டது. மிச்சம் 600 பவுண்டுகூட இல்லை. ஐந்து பேரின் துணிமணி, பாத்திரம், அரிசி, குளிர்பெட்டி நிறைய சாமான், நாற்காலிகள், கருவிப்பெட்டி, பின்னால் மாட்டிய கூடுதல் பேட்டரி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காது. அடங்காத பாரம் டயரிலும் ஆக்ஸிலிலும் போய் உட்கார்ந்து, வண்டியின் ஆயுளைத் தின்னத் தொடங்கும்.

பைக் இல்லாதவர்களுக்குக் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். பல மாடல்களில் கராஜில் பாரம் இருக்கும் என்று கணக்குப்போட்டே ஆக்ஸிலை அமைத்திருப்பார்கள். கராஜ் காலியாக இருந்தால் முன்பக்க இணைப்பில் எடை கூடி டிரக்கின் முதுகை அமுக்கும். மாறாக, கராஜில் அளவுக்கு மேல் திணித்தால் முன்னெடை குறைந்து, நெடுஞ்சாலையில் டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இணைப்பில் இறங்க வேண்டும் என்பது பொதுவான அளவு. குடும்பத்தோடு ஊர் சுற்ற மட்டும்தான் வண்டி என்றால் டாய் ஹாலர் வேண்டாம். அதே பணத்துக்கு நான்கு சுவரும் மூடிய, சிறிய, நன்றாகக் கட்டிய டிரெய்லர் கிடைக்கும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மூச்சு தேவையில்லை. ‘என் டிரக் 11,000 பவுண்டு இழுக்கும்’ என்பார்கள். இழுக்கும். ஓட்டுநர் கதவைத் திறந்து, டிரக் சுமக்கும் அளவு என்ன என்று அங்குள்ள சீட்டில் பாருங்கள். 1,600 என்று இருந்தால், 10,000 பவுண்டு டிரெய்லரின் இணைப்பெடை 1,200, குடும்பத்தின் எடை 700, அங்கேயே தாண்டிவிட்டீர்கள்.

அமெரிக்கக் கேம்பர் தொழில் சங்கமான ஆர்விஐஏவின் முத்திரை இருந்தால் தரமான வண்டி என்பதும் பிழை. மின்சாரம், எரிவாயு, குழாய், தீப்பாதுகாப்பு ஆகியவற்றின் விதிகளுக்கு உட்பட்டது என்பதற்கே அந்த முத்திரை. சுவர் எத்தனை வருடம் நிற்கும் என்று அது சொல்வதில்லை.

பெயர்ப்பலகையை நம்புகிறவர்களுக்கு: கீஸ்டோன், ஹார்ட்லாண்ட், ஜேகோ மூன்றும் தோர் குழுமத்தின் கையில். ஃபாரஸ்ட் ரிவர் 2005 முதல் பெர்க்‌ஷயர் ஹாத்வேயின் கையில். அடிச்சட்டம் பல பிராண்டுகளுக்கும் லிப்பர்ட் நிறுவனத்திலிருந்தே வருகிறது. ஸ்டிக்கரைப் பார்த்து வாங்காமல் அந்த ஒரு வண்டியைப் பார்த்து வாங்குங்கள்.

டயரில் பட்டன் தேயவில்லை, புதுசுதான் என்பவர்கள் பக்கச்சுவரில் நான்கு இலக்கத்தைத் தேடுங்கள். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே முதுமையடையும். ஐந்தாறு வருடம் ஆகியிருந்தால் மாற்றுங்கள். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும்போது உச்சவேகம் மணிக்கு 55 மைல். 75இல் போய் டயர் வெடித்துவிட்டு வந்து தொழிற்சாலையைத் திட்டுவதைக் கேட்டு அலுத்துவிட்டது.

கராஜில் கட்டில் இருக்கிறது, பிள்ளைகள் அங்கேயே தூங்கட்டும் என்பதை மட்டும் நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். பைக்கின் டேங்கில் பெட்ரோல் இருக்கும் அறை அது. பைக்கை இறக்கி, ஜன்னல்களைத் திறந்து, வாடை முழுதும் போன பிறகே கட்டிலை இறக்குங்கள். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடும்போது அங்கே யாரும் படுக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. அதை உணரும் அலாரத்தின் ஆயுள் தீர்ந்திருந்தால் பயணத்துக்கு முன் மாற்றுங்கள்.

நான் பார்க்கிற ஒவ்வொருவரிடமும் கெஞ்சுகிற ஒன்று உண்டு: எடைமேடை. நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். குடும்பத்தோடு ஒருவேளை வெளியே சாப்பிடும் செலவுகூட ஆகாது. டிரக்கின் முன்சக்கரம் ஒரு தட்டில், பின்சக்கரம் அடுத்த தட்டில், டிரெய்லர் மூன்றாவதில். சீட்டில் மூன்று எண்ணும் தனித்தனியாக வரும். அவற்றைக் கதவுச் சீட்டுகளோடு ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் உங்கள் வண்டியின் உண்மை நிலை தெரிந்துவிடும். எத்தனையோ வருடம் டிரெய்லர் வைத்திருந்தும் ஒருமுறைகூட அதில் ஏறாதவர்கள் இருக்கிறார்கள். வண்டி வாங்கிய நாளில் காலியாக ஏற்றி எடுத்த சீட்டை என்னிடம் நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது எதற்கும் உதவாது. கிளம்புகிற நாளன்று, தண்ணீர் நிரப்பி, பைக் ஏற்றி, சாமான் அடுக்கி, தாத்தா பாட்டி பிள்ளைகள் எல்லோரும் டிரக்கில் உட்கார்ந்திருக்கும்போது எடுத்த சீட்டைக் கொண்டுவாருங்கள், பேசுவோம்.