ஜவ்வாது மலைக்குக் கற்பிக்கப் போகிறவர்கள் காதில் விழும் கதைகள்

வெளிநாட்டுக்குப் போய் மொழி கற்பிக்கும் வேலை இன்றைய இளைஞர்கள் பலருக்குக் கனவு. ஜப்பானின் ஜெட் திட்டம் 1987 முதல் பல நாட்டு இளைஞர்களை அழைத்து, தன் பள்ளிகளில் ஆங்கிலத் துணை ஆசிரியர்களாக அமர்த்துகிறது. அப்படிப் போகிறவர்களுக்கு அந்த ஊரின் சாப்பாடு, வழக்கம், வகுப்பறை எல்லாவற்றையும் முன்கூட்டியே விளக்கிச் சொல்ல ஆள் உண்டு. போளூரில் பேருந்து ஏறி ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூருக்குப் போகும் இளம் ஆசிரியரின் கையிலோ, பெரும்பாலும் பணி ஆணையும் தெரிந்தவர்கள் சொல்லி அனுப்பிய கதைகளும்தான் இருக்கும். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போகிறவர், வனத்துறை நடத்தும் பள்ளிக்குப் போகிறவர், தற்காலிக ஆசிரியராகப் போகிறவர் என்று யாரைக் கேட்டாலும் அதே கதைகள். அந்தக் கதைகளால் முதலில் கெடுவது பிள்ளைகளின் படிப்பு. அதனால்தான் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

“அங்கே இருப்பது மலையாளிகள். மலையாளம் தெரியாமல் சமாளிக்க முடியாது.”

இல்லை. ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி பழங்குடியினருக்கும் கேரளத்துக்கும் தொடர்பு கிடையாது. அவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. ஆங்கிலேயர் காலத்து வடாற்காடு மாவட்டக் கையேடு அதைப் பதிவு செய்தது, எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற நூலிலும் அது இடம்பெற்றது. கங்குந்தி வேடர்கள் கடத்திப்போன ஏழு பெண்களை மீட்க ஏழு பேர் ஏழு நாய்களோடு கிளம்புகிறார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் எங்களுக்குக் கருமாதி செய்துவிடுங்கள் என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் கரையேறிவிட, நாய்கள் பாதி ஆற்றோடு திரும்பிவிடுகின்றன. வேடர்களை வென்று அவர்கள் ஊர் திரும்பும்போது எல்லாச் சடங்கும் முடிந்து, மனைவியர் விதவைகளாகி இருக்கிறார்கள். ஊரில் இடமில்லாமல் போனவர்கள் வேடர் பெண்களை மணந்து மலையேறி உழவு செய்தார்கள் என்று முடிகிறது கதை. இது வரலாறுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தங்களை எந்த ஊரோடு, எந்த ஆற்றோடு சேர்த்து ஒரு சமூகம் நினைவு வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

தமிழ்நாட்டின் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்களும் இவர்களே. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் பழங்குடி மக்கள் ஏறத்தாழ 7.95 லட்சம் பேர். அவர்களில் சுமார் 3.58 லட்சம் பேர் மலையாளிகள். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சேர்வராயன், ஏலகிரி என்று வட தமிழ்நாட்டு மலைகள் முழுக்க இருக்கிறார்கள். இவ்வளவு பெரிய தமிழ்ச் சமூகத்தை அடுத்த மாநிலத்தவர் என்று படித்தவர்களே நினைத்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

“அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழே சரியாக வராது.”

எல்லாக் கதைகளிலும் கெடுதல் அதிகம் செய்வது இதுதான்.

புதிதாக வந்த ஆசிரியர் ஒன்றாம் வகுப்பில் கேள்வி கேட்கிறார். பிள்ளை வாய் திறப்பதில்லை. இரண்டு வாரம் இப்படியே போனால் ‘மொழி வளர்ச்சி குறைவு’ என்று மனதுக்குள் எழுதிவிடுகிறார். அதே பிள்ளையைப் பள்ளி விட்டபின் வழியில் பார்க்க வேண்டும். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டுக்குட்டியை அதட்டியபடி, கூட வருகிறவளிடம் மூச்சு விடாமல் பேசிக்கொண்டு போகும். தேன் என்ற ஒன்றையே கொம்புத்தேன், பொந்துத்தேன், கொசுத்தேன், மலைத்தேன் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மொழிக்குறை எங்கிருந்து வரும்?

குறை இருப்பது வேறிடத்தில். பேசும் தமிழும் எழுதும் தமிழும் எல்லாத் தமிழருக்குமே வேறு வேறு. புத்தகத்தில் ‘இருக்கிறது’ என்று இருப்பது, மலை அடிவாரத்துப் போளூர்ப் பக்கமே ‘கீது’ என்று ஒலிக்கும். நகரத்துப் பிள்ளை பள்ளிக்கு வருமுன்பே எழுத்துத் தமிழை எங்கெங்கோ கேட்டிருக்கும், பார்த்திருக்கும். சுவரொட்டி, தொலைக்காட்சிச் செய்தி, அம்மா படித்துக் காட்டும் கதைப்புத்தகம் எல்லாம் அதற்கு உதவியிருக்கும். மலைக் குடியிருப்பில் பல பிள்ளைகளுக்கு எழுத்துத் தமிழ் முதன்முதலில் எதிர்ப்படுவது வகுப்பறையில்தான். அதையும் மதுரைப் பேச்சிலோ தஞ்சாவூர்ப் பேச்சிலோ வேகமாகப் பேசும் ஒருவர் வழியாகவே கேட்கிறது. எழுத்துத் தமிழ், ஆசிரியரின் வட்டாரத் தமிழ் இரண்டையும் ஒரே நேரத்தில் பழகிக்கொண்டிருக்கும் ஆறு வயதுக் குழந்தை கொஞ்ச நாள் பேசாமல்தான் இருக்கும். அது கூர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது என்றே பொருள்.

நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திய சில்வியா ஆஷ்டன் வார்னர் இதே சிக்கலைச் சந்தித்தவர். அச்சடித்து வந்த முதல் பாடப்புத்தகத்தை ஒதுக்கி வைத்தார். ஒவ்வொரு பிள்ளையிடமும் ‘உனக்கு என்ன சொல் வேண்டும்?’ என்று கேட்டு, அது சொன்ன சொல்லைத் தடித்த அட்டையில் எழுதி அதன் கையிலேயே கொடுத்தார். பயம், அம்மா, சண்டை, பேய் என்று பிள்ளையின் நெஞ்சுக்குள் இருந்த சொற்கள் வந்தன. அந்தச் சொற்களைப் பிள்ளைகள் ஒரே நாளில் படித்துக்கொண்டார்கள். 1963-இல் வெளிவந்த அவருடைய ‘டீச்சர்’ என்ற நூல் இந்த அனுபவத்தைச் சொல்கிறது.

ஜவ்வாது மலையில் இதைச் செய்ய அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். சாமை, பலா, கரடி, அவ்வா என்று பிள்ளை எதைச் சொன்னாலும் அப்படியே எழுத வேண்டும். பிள்ளை பேசிய வாக்கியத்தைக் கரும்பலகையின் ஒரு பக்கம் எழுதி, அதற்கு எதிரே புத்தக வாக்கியத்தை எழுதலாம். முதலாவது தப்பு, இரண்டாவது சரி என்று சொல்லக்கூடாது. இது நம் பேச்சு, இது புத்தகத்தின் எழுத்து என்று சொன்னால் போதும். 2022-இல் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துக் கற்பிக்கச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் வாய் திறக்காத பிள்ளையை எல்லாம் அரும்பிலேயே வைத்திருந்தால் அந்த ஏற்பாட்டுக்கு அர்த்தமில்லை. நிலை பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பிள்ளை பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

“ஊட்டி மாதிரி இருக்கும், ஜாலியாக இருந்துவிட்டு வரலாம்.” “ஐயோ, அடர்ந்த காடு, கரண்டுகூட இருக்காது.”

இரண்டும் தவறு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகம் 725 மீட்டரில் நிற்கிறது. வெயில் காலத்தில் பகலில் வெயில்தான், மார்கழி இரவில் கம்பளி வேண்டும். அந்த வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது. நாட்டின் அறிவியலுக்கு இவ்வளவு முக்கியமான இடம் இருக்கும் மலையை ஆதிகாலத்துக் காடு என்று நினைப்பது அறியாமை. ஜமுனாமரத்தூர் தாலுகா தலைமையிடம். கடைகள், வங்கி, மருத்துவமனை எல்லாம் உண்டு.

உண்மையான சிரமங்கள் வேறு. குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன, கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் இரவு அங்கேதான். செல்போன் சிக்னல் சில வளைவுகளில் வரும், சில வளைவுகளில் போய்விடும். சம்பளம் அதைவிடப் பெரிய சிக்கல். 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் எடுக்கப்பட்ட தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கு மாதம் ₹7,500, பட்டதாரி ஆசிரியருக்கு ₹10,000 என்று நிர்ணயித்தார்கள். அதில் வாடகை, பேருந்து, கேஸ் போக வீட்டுக்கு என்ன அனுப்ப முடிந்திருக்கும்? இளம் ஆசிரியர்கள் நடுவருடத்தில் இறங்கிப் போவதற்குக் குளிரையும் கரடியையும் காரணமாகச் சொல்பவர்கள் இந்தத் தொகையைப் பார்க்க வேண்டும்.

“பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை கிடையாது. மரம் வெட்டப் போகிறவர்கள்.”

இதைச் சொல்கிறவர்கள் கார்த்திகைக்குப் பின் வருகைப் பதிவேட்டில் விழும் இடைவெளியைக் காட்டுவார்கள். இடைவெளி உண்மை. காரணம் அக்கறையின்மை அல்ல. மலையில் மானாவாரிப் பயிர்தான் பெரும்பாலும். ஆடியை ஒட்டி விதைத்த சாமை ஐப்பசி, கார்த்திகையில் அறுவடையாகிவிடும். அதற்குப் பின் கையில் வேலை இல்லை. கர்நாடகத்துக் காபித் தோட்டங்களில் பழம் பறிப்பு தொடங்குவதும் அப்போதுதான். குடும்பமாகப் போகிறார்கள். பாட்டி இருந்தால் பிள்ளை ஊரில் நிற்கும், இல்லையென்றால் கூடவே போகும். உண்டு உறைவிடப் பள்ளியில் விட்டுவிட்டுப் போகும் தாய், போகும் அன்று விடுதி வாசலில் நின்று சமையல்கார அக்காவிடம் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று விவரமாகச் சொல்லிவிட்டுப் போவதைப் பார்த்தவர்கள் அக்கறையைப் பற்றி இப்படிப் பேச மாட்டார்கள்.

மரம் வெட்டுகிறவர்கள் என்ற பேச்சு இன்னும் கொடியது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லிப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக் கூலிகள். ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். செம்மரத்தில் கோடி பார்த்தவர்கள் யாரும் அன்று சாகவில்லை. செத்தது நாள்கூலிக்குப் போனவர்கள். அப்படிப்பட்ட சாவு விழுந்த மலையின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள் என்பதை ஆசிரியர் தெரிந்திருக்க வேண்டும். ‘அப்பா என்ன வேலை செய்கிறார்?’ என்ற பாடப்புத்தகக் கேள்வியை வகுப்பு நடுவே உரக்கக் கேட்பதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பின் மேல் இந்தச் சமூகத்துக்கு இருக்கும் ஆசைக்குச் சாட்சி வேண்டுமென்றால் ஸ்ரீபதியைச் சொல்லலாம். ஜவ்வாது மலையில் புலியூரைச் சேர்ந்த மலையாளிப் பெண். பள்ளிப் படிப்பு ஏலகிரி மலையில். குழந்தை பெற்ற ஓரிரு நாளில் சென்னைக்குப் பயணம் செய்து சிவில் நீதிபதித் தேர்வு எழுதினார். 2024-இல் வெற்றிச் செய்தி வந்தபோது அவருக்கு வயது 23. பச்சை உடம்போடு அவ்வளவு தூரம் போக ஒரு பெண்ணுக்குத் துணிச்சல் மட்டும் போதாது, வீட்டார் துணையும் வேண்டும். தமிழ்நாட்டில் 2011-இல் மொத்த எழுத்தறிவு 80 சதவீதம், பழங்குடியினரிடையே 54 சதவீதம். அந்த 26 சதவீதப் புள்ளி இடைவெளியைப் பெற்றோரின் அக்கறையின்மையால் விளக்கப் பார்ப்பவர், பள்ளி எவ்வளவு தாமதமாக மலையேறியது என்பதை மறைக்கிறார்.

“கீழேயிருந்து நல்ல ஆசிரியர் போனால்தான் அந்தப் பிள்ளைகளுக்கு விடிவு.”

நல்ல ஆசிரியர் எங்கிருந்து போனாலும் நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வெளியிலிருந்து வருகிறவர் ஒன்றிரண்டு ஆண்டில் மாறுதல் கேட்டுப் போய்விடும்போது பிள்ளைகள் மறுபடி இன்னொரு பேச்சைப் பழக வேண்டியிருக்கிறது. 2023-இல் மத்திய அரசின் பழங்குடியினர் உறைவிடப் பள்ளிகளான ஏகலைவா பள்ளிகளுக்கு நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு வைத்து ஆள் எடுத்தபோது இந்தி கட்டாயமானது. தென்மாநிலப் பழங்குடிப் பள்ளிகளுக்கு, பிள்ளைகளின் மொழி ஒரு சொல்லும் தெரியாத வடமாநில இளைஞர்கள் பலர் வந்து சேர்ந்தார்கள். அவர்களும் பாவம், பிள்ளைகளும் பாவம். ஒடிசா இதற்கு நேர்மாறாகச் செய்து பார்த்தது. 2007 வாக்கில் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கியபோது அந்தந்தச் சமூகத்து இளைஞர்களையே வகுப்புக்குக் கொண்டுவந்தது.

நம்மிடமும் அதற்கு ஆள் இருக்கிறார்கள். 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், அந்தந்தக் குடியிருப்பிலேயே படித்தவர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்தது. ஐந்தாம் வகுப்பு வரை சொல்லிக்கொடுக்கப் பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும் என்றார்கள். மாலையில் இருபது பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் அந்த அக்காவுக்கு மாதம் ₹1,000 என்று வைத்தார்கள். அவருக்கு முறையான பயிற்சியும், வாழ முடிகிற சம்பளமும், பள்ளி நேரத்தில் வகுப்பறைக்குள் இடமும் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேறு நாடுகள் கடல் கடந்து ஆள் வரவழைத்து அமர்த்தும் மொழித் துணை ஆசிரியர், இந்த மலையில் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார்.

வருகிற ஜூனில் மலையேறப் போகிறவர்கள் சேர்ந்த முதல் வாரத்திலேயே பள்ளியைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் இப்படி மாலை வகுப்பு எடுப்பவர், எடுத்தவர் யார் என்று விசாரியுங்கள். அவரைப் பள்ளிக்கு அழையுங்கள், அல்லது சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய் உட்காருங்கள். ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, எந்தச் சொல் பிள்ளைகளுக்குத் தெரியும், எதற்கு அவர்கள் வேறு சொல் வைத்திருக்கிறார்கள், எந்தப் படத்தில் இருப்பதை அவர்கள் பார்த்ததே இல்லை என்று அவரிடம் கேட்டு ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஆடியில் விதைப்பு தொடங்கிவிட்டால் அவருக்கும் கொல்லையில் வேலை வந்துவிடும், அதற்குள் முடித்துவிடுவது நல்லது.