பல்லேகலயில் சேவைக்கு இடமில்லையா?

சா/த பரீட்சை முடிந்ததும் கண்டிப் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கும். பெறுபேறு வரும்வரை பிள்ளை போனும் கையுமாக இருக்கிறானே, எங்கேயாவது நல்ல சேவைக்கு அனுப்பினால் என்ன என்று அம்மா கேட்பார். இங்கிலீஷ் கிளாஸுக்குப் போகட்டும் என்பார் அப்பா. பக்கத்து வீட்டு மாமாவும் வந்து தன் பங்குக்கு ஒன்றைச் சொல்வார். அப்படிச் சொல்லப்படுகிறவற்றில் எவ்வளவு உண்மை என்று பல்லேகல, குண்டசாலை, திகன சுற்றுவட்டாரத்தை வைத்துப் பார்ப்போம்.

“அதெல்லாம் கொழும்பில்தான், இங்கே என்ன இருக்கிறது?”

வெளியூர்க்காரருக்குப் பல்லேகல என்றால் கிரிக்கெட் மைதானம். 2011 உலகக் கிண்ணப் போட்டிகள். உள்ளூர்க்காரருக்கு மாகாண சபை அலுவலகங்கள், கைத்தொழில் பேட்டை, மஹியங்கனை வீதியில் நெரிசலாக ஓடும் பஸ்கள். இளைஞர் சேவை என்றால் இரு தரப்புக்கும் கொழும்புதான் நினைவுக்கு வருகிறது. வரலாறு நேர்மாறாக இருக்கிறது. இலங்கையில் சாரணர் இயக்கம் முதன்முதலில் தொடங்கியது இங்கிருந்து அதிகத் தூரமில்லாத மாத்தளையில், கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில், 1912இல். தொடக்கியவர் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ். பெண் சாரணியம் 1917இல் தொடங்கியது கண்டி நகரத்துப் பெண்கள் உயர்தரப் பாடசாலையில். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒழுங்காகச் சேவைக்கு அனுப்பும் பழக்கத்தை இந்த மலைநாடு நூறு வருடத்துக்கு மேலாக அறியும்.

ஆகவே முதலில் தட்ட வேண்டிய கதவு பாடசாலையிலேயே இருக்கிறது. சாரணர், சாரணியர், சென் ஜோன் முதலுதவிப் படை, இன்டராக்ட், லியோ கழகங்கள் என்று ஏதோவொன்று பெரும்பாலான பெரிய பாடசாலைகளில் உண்டு. பொறுப்பாசிரியர் யார் என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது. சிறிய பாடசாலைகளிலும் தோட்டப் பாடசாலைகளிலும் இவற்றில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அப்போது கிராம உத்தியோகத்தரிடம் போய், பிரிவில் இளைஞர் கழகம் இயங்குகிறதா என்று விசாரிக்க வேண்டும். இந்தக் கழகங்கள் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழ் வருபவை. பிரதேச செயலகத்தில் அதற்கென்றே ஓர் இளைஞர் சேவை உத்தியோகத்தர் இருப்பார். பல்லேகல குண்டசாலைப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கண்டியில் கிளை உண்டு.

யாரும் கணக்கில் எடுக்காத ஓர் அமைப்பையும் இங்கே சொல்ல வேண்டும்: மரண உதவிச் சங்கம். ஊரில் தொடர்ச்சியாகச் சேவை செய்துகொண்டிருப்பது அதுதான். கூடாரம் கட்ட, கதிரை எடுத்துப் போட, தேத்தண்ணி கொடுக்க எப்போதும் ஆள் தேவை. சந்தாக் கொப்பியைக் கணினியில் ஏற்றித் தரும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை கிடைத்தால் அதன் செயலாளர் விடவே மாட்டார். இதற்குப் பட்ஜும் இல்லை, சீருடையும் இல்லை. அதனாலேயே நமக்கு இது சேவையாகத் தெரிவதில்லை.

“பதினெட்டு வயது ஆக வேண்டும்”

இரத்ததானம் ஒன்றுக்குத்தான் இது சரி. தேசிய குருதி மாற்றுச் சேவையின் விதிப்படி 18 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும். நிறை 50 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஒருமுறை கொடுத்தால் அடுத்ததற்கு நான்கு மாத இடைவெளி வேண்டும். இன்டராக்ட், லியோ இரண்டிலும் 12 வயதிலேயே சேரலாம். எடின்பரோ கோமகன் பெயரில் உலகெங்கும் நடக்கும் இளைஞர் விருதுத் திட்டத்தை 14 வயதில் தொடங்கலாம்.

இரத்ததான முகாமிலும் பதினைந்து வயதுக்கு வேலை கிடக்கிறது. வீடு வீடாகப் போய் ஆள் சேர்ப்பது, பெயர் பதிவது, கொடுத்து எழும்புகிறவரை உட்காரவைத்துக் குடிக்க ஏதாவது தருவது எல்லாம் வெள்ளைக் கோட்டுப் போடாதவர்களின் வேலை. இந்த நாட்டில் இரத்தம் முழுவதும் சம்பளமில்லாத தன்னார்வக் கொடையாளர்களிடமிருந்தே வருகிறது. ஊர் முகாம்களை நம்பி ஓடும் ஏற்பாடு அது.

“சேர்ட்டிபிகேட் இருந்தால் கெம்பஸுக்கு உதவும்”

உள்ளூர்ப் பல்கலைக்கழக அனுமதியை முடிவு செய்வது உ/த பரீட்சையின் இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும். தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்கென்று மிகச் சிறிய விசேட ஒதுக்கீடு ஒன்று உண்டுதான். கடற்கரையில் போத்தல் பொறுக்கியதற்கான லெமினேட் செய்த கடதாசி அங்கே செல்லாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ புலமைப்பரிசிலுக்கோ விண்ணப்பித்தால் கேட்பார்கள். ஆனால் அவர்கள் கேட்பது எவ்வளவு காலம், என்ன செய்தாய், அதனால் என்ன மாறியது என்று. மேலே சொன்ன விருதுத் திட்டத்தில் தங்க விருதுக்குச் சேவைப் பகுதி மட்டும் பன்னிரண்டு மாதம். வாரம் ஒரு மணித்தியாலம் போதும். ஆனால் வாரா வாரம்.

நாள் ஒன்றுக்கு ஒரு சேவை, சேவை ஒன்றுக்கு ஒரு சான்றிதழ் என்று பையில் சேர்த்துக்கொண்டு திரிகிற பிள்ளைகளைக் குறை சொல்வதில் பயனில்லை. அப்படிச் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்.

“சிரமதானம் என்றால் புல் வெட்டுவது”

வருடத்துக்கு ஒருமுறை அதிபர், கிராம உத்தியோகத்தர், பனர், படம், பணிஸ். புல் வெட்டி முடியும். அடுத்த மழையில் முளைத்துவிடும்.

சிரமதானம் இப்படி மட்டும் இருந்ததில்லை. 1958இல் நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற கிராமத்துக்குக் கூட்டிப் போனார். ஒதுக்கி வைக்கப்பட்ட சாதியார் வாழ்ந்த ஊர் அது. கொழும்புப் பையன்கள் அவர்களோடு சேர்ந்து மண் வெட்டினார்கள், அங்கேயே தங்கினார்கள். சர்வோதயம் என்ற பெரிய இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. வெட்டிய மண்ணைவிட, யாரோடு சேர்ந்து வெட்டினார்கள் என்பதுதான் இந்த நாட்டில் அன்று செய்தியானது.

பல்லேகலப் பக்கம் இன்றைக்குச் செய்யத்தக்க சிரமதானம் எது என்று கேட்டால், நான் டெங்குவைச் சொல்வேன். முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் எடுக்கும். எனவே வருடத்தில் ஒருநாள் நூறு பேர் திரண்டு வருவதால் நுளம்புக்கு ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பிள்ளைகள் அரை மணித்தியாலம் ஒழுங்கையைச் சுற்றி வந்தால் அதன் வாழ்க்கை நடுவில் அறுந்துபோகும். பூச்சாடித் தட்டு, பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, டயர், சிரட்டை. நீரைக் கொட்டினால் மட்டும் போதாது; பாத்திரத்தின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டிக்கிடக்கும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் நீர் பட்டதும் பொரிக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலில் சொல்லிவிட்டுத் தொடங்கினால், மூடிக் கிடக்கும் வளவுகளை அவர் பார்த்துக்கொள்வார்.

“தமிழ்ப் பிள்ளைகள் அங்கே போய் என்ன செய்வது, எல்லாம் சிங்களத்தில்”

கழகக் கூட்டம் சிங்களத்தில் நடக்கும், உண்மை. முதல் இரண்டு மூன்று கூட்டங்களில் பிள்ளை மூலையில் இருக்கும், அதுவும் உண்மை. ஆனால் இங்கே தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளைகளில் பலர் பஸ்ஸிலும் கடையிலும் விளையாட்டுத் திடலிலும் சரளமாகச் சிங்களம் பேசுகிறவர்கள். அவர்களுக்கு அது பெரிய விடயமாகத் தெரிவதில்லை. தோட்டத்து லயத்தில் இருக்கும் ஓர் ஆச்சிக்குத் தெரியும் அதன் பெறுமதி.

1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனாலும் சிங்களத்தில் மட்டும் வந்த ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் திரிகிறவர்களை இன்றும் காணலாம். கொடுப்பனவு நிறுத்தப்பட்டதா, விபரம் கேட்கிறார்களா, கிளினிக் திகதி மாறியதா? அதை வாசித்துச் சொல்ல ஒரு பதினாறு வயதுப் பிள்ளை போதும். கோயில் மண்டபத்திலோ சனசமூக நிலையத்திலோ ஞாயிறு காலை ஒரு மேசை, இரண்டு கதிரை. பக்கத்தில் ஓர் ஆசிரியரோ ஓய்வுபெற்ற உத்தியோகத்தரோ இருக்க வேண்டும். வாசித்துச் சொல்லலாம், படிவம் நிரப்ப உதவலாம். கையெழுத்தைக் கடிதத்துக்குரியவரே இட வேண்டும். வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தைக் கேட்கவும் கூடாது, சொன்னால் காதில் வாங்கவும் கூடாது. மருந்துச் சீட்டை விளக்கப் போகக் கூடாது; அது வைத்தியசாலையின் வேலை.

கழகத்துக்கு அனுப்ப இன்னொரு காரணமும் இருக்கிறது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு, நாடு முழுவதும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. அப்போது ஆரம்ப வகுப்பில் இருந்த பிள்ளைகள்தாம் இன்றைய பதின்ம வயதினர். ஒரே வீதியில் வசித்தும் வேறு வேறு பாடசாலை, வேறு வேறு மொழிமூலம் என்று அவர்களைப் பிரித்து வைத்திருக்கிறோம். ஒன்றாகச் சேர்ந்து ஒரு வேலை செய்ய ஊரில் எஞ்சியிருக்கும் சில இடங்களில் இந்தக் கழகங்களும் அடங்கும். மூலையில் இருக்கும் பிள்ளை இருக்கட்டும். இரண்டு மாதத்தில் நடுவுக்கு வந்துவிடும்.

“மண்சரிவு என்றால் ஓடிப்போய் உதவ வேண்டும்”

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் கண்டி மாவட்டம் பட்ட பாடு யாருக்கும் மறக்காது. அந்த நாட்களில் பிள்ளைகளுக்குக் கை சும்மா இருக்கவில்லை, நல்ல மனம்தான். ஆனால் சரிந்த மலை மறுபடியும் சரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுவது, வீட்டில் இருப்பவர்கள் விழிப்பாக இருந்து, தேவைப்பட்டால் வெளியேற. வேடிக்கை பார்க்கவோ மீட்கவோ வெளியாட்களை உள்ளே வரவழைக்க அல்ல. சேற்றில் மண்வெட்டியோடு இறங்குவது இராணுவத்தினதும் பயிற்சி பெற்றவர்களினதும் வேலை. சந்தேகம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைக்கலாம்.

பிள்ளைகளின் வேலை இடம்பெயர்ந்தவர்கள் தங்கும் முகாமில் இருக்கிறது. வந்த உலர் உணவைப் பிரித்து அடுக்குவது, எந்தக் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்று எழுதுவது, சின்னவர்களை விளையாட வைப்பது, நனைந்த பாடப்புத்தகத்துக்குப் பதில் பழைய மாணவர்களின் புத்தகத்தைத் திரட்டுவது. பட்டியல் எழுத ஆளில்லாமல் ஒரே வீட்டுக்கு மூன்று அரிசிப் பொதி போகும், அடுத்த வீட்டுக்கு ஒன்றும் போகாது. வெள்ளம் வடிந்த பின் வீடு கழுவப் போனால் சப்பாத்தும் கையுறையும் கட்டாயம். எலிக்காய்ச்சல் அந்தச் சேற்றுத் தண்ணீரில்தான் இருக்கும். தடுப்பு மருந்து வேண்டுமா என்று சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போகவும்.

“பிறந்தநாளுக்குச் சிறுவர் இல்லத்தில் சாப்பாடு கொடுத்தால் சேவைதானே?”

தானம். நல்லது, கொடுங்கள். ஆனால் வகுப்பு முழுவதும் பஸ்ஸில் போய், அங்கே இருக்கும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடுவதை நிறுத்துங்கள். அங்கே இருப்பவர்களில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். நாளைக்கு அந்தப் பிள்ளைகளில் ஒருவர் உங்கள் பாடசாலையிலேயே பக்கத்து வாங்கில் உட்காரக்கூடும். போக விரும்பினால் பொறுப்பாளரிடம் என்ன தேவை என்று முன்கூட்டியே கேளுங்கள். பெரும்பாலும் சோறு தேவைப்படாது; அதைக் கொடுக்க ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். கணக்குச் சொல்லிக் கொடுக்க, ஒரு தவணை முழுவதும் தவறாமல் வரும் ஆளைத்தான் கேட்பார்கள்.

“பெண் பிள்ளைகளை அனுப்ப முடியாது”

பயம் நியாயமானது, ஆண் பிள்ளைகளுக்கும் அதே பயம் வேண்டும். பெற்றோர் கேட்க வேண்டியவை சில. பொறுப்பான பெரியவர் யார், அவர் தொலைபேசி இலக்கம் என்ன? எத்தனை பேர் சேர்ந்து போகிறார்கள், பிள்ளையை ஒருவரோடு தனியே விடுவார்களா? எத்தனை மணிக்கு முடியும், கடைசி பஸ் எப்போது? இவற்றுக்குச் சினக்காமல் பதில் சொல்லும் அமைப்புக்கு அனுப்பலாம். ஏதாவது தவறு நடந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 எந்நேரமும் இயங்கும், பிள்ளையே அழைக்கலாம்.

காசு விடயமும் இதே கணக்கில் வரும். கண்டியில் சேவை செய்ய வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நிறுவனங்களுக்குப் பணம் கட்டி வருவதைப் பார்த்து, இங்கேயும் பதிவுக் கட்டணம் கேட்கிறவர்கள் கிளம்பலாம். சீருடை, சிறிய சந்தா, பஸ் காசு தவிர வேறு எதற்காவது கேட்டால் ரசீது கேளுங்கள். தரத் தயங்கினால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மரண உதவிச் சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.