பழைய மண்வெட்டியை வாங்குதலும் திருத்துதலும்

வரம்பு கட்டவும் வாய்க்கால் வெட்டவும் பழைய மண்வெட்டியை வாங்கும் கமக்காரர், முதற்கண் பிடி நுழையும் துவாரத்தைச் சோதித்தல் வேண்டும். துருவைச் சுரண்டிப் பார்க்குமிடத்து மயிரளவு வெடிப்பேனும் தென்பட்டால், விலை எவ்வளவு குறைவாயினும் அதனை விட்டுவிடுதலே நன்று. வெடிப்பு விரிந்தால், ஓங்கும்போது தலை கழன்று அருகில் நிற்பவரைத் தாக்கக்கூடும்.

ஆடும் பிடியை நீரில் ஊறவைத்து இறுக்குதல் பலரின் வழக்கம். இது பயனற்றது. ஊறிய மரம் பருத்து இரும்புக்குள் நெரிபடும். காய்ந்தபின் முன்னையிலும் அதிகமாகச் சுருங்கி மீண்டும் ஆடும். நன்கு காய்ந்த சவண்டலை மரத்தில் புதுப்பிடி செதுக்கி, ஆப்பு வைத்து இறுக்குக.

மின்சாணையில் நீர் தொடாது தீட்டிய அலகின் விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்திருக்கும். அவ்விடத்தில் உருக்கின் வன்மை குறைந்து, கூர் விரைவில் மழுங்கும். நீலம் சிறிதாயின் அரத்தால் அராவி நீக்கலாம். ஆழமாயின் கொல்லன் அலகைக் காய்ச்சித் தோய்க்கவேண்டும். தோய்த்தபின் மீண்டும் இளஞ்சூடு காட்டாத அலகு கல்லிற் பட்டால் உடையும். கொல்லன் அவ்வாறு செய்வாரோ எனக் கேட்டறிந்தே வேலையை ஒப்படைக்குக.

சில மாதங்களே பாவித்த மண்வெட்டியாயின், விற்பவரிடமிருந்து கடைப் பற்றுச்சீட்டையும் உத்தரவாதச் சீட்டையும் கேட்டுப் பெறுக. கை மாறிய பொருளுக்கு அவ்வுத்தரவாதம் செல்லுமோ என்பதைச் சீட்டில் வாசித்தறியலாம். பட்டறைத் தீயிலிட்ட கருவியைக் கடைக்காரர் பொதுவாகத் திருப்பி ஏற்கமாட்டார். ஆதலால் கொல்லனிடம் போகுமுன் கடைக்குச் செல்க.