கம்ப்யூட்டர் வைரஸ்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கினால்தான் பாதுகாப்பு.

உண்மை: விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் கூடவே வருகிறது. வீட்டு உபயோகத்துக்கு அது போதும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டு ஆன்டிவைரஸ் போடுகிறவர்களும் உண்டு. ஒன்றையொன்று சந்தேகப்பட்டு, கம்ப்யூட்டர் மாட்டுவண்டி வேகத்தில் நகரும். அவ்வளவுதான் லாபம்.

நம்பிக்கை: கண்ட லிங்க்கையும் தொடாவிட்டால் வைரஸ் வராது.

உண்மை: 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை வைரஸுக்கு யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவைப்படவில்லை. நெட்வொர்க் வழியாகவே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. அப்டேட் கேட்கும்போதெல்லாம் ‘அப்புறம்’ என்று தள்ளிவிடுகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. நீட்டிப்புத் திட்டத்தில் தனியாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் அதற்குப் பிறகும் வரும்.

நம்பிக்கை: கிராக் சாஃப்ட்வேரால் ஒன்றும் ஆகாது, ஊரே அதைத்தான் போடுகிறது.

உண்மை: வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை என்பேன். போட்டோஷாப்புக்கோ ஆபீஸுக்கோ கிராக் இறக்கினால் கூடவே ஒரு குறிப்பு வரும்: ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்.’ நாமும் ஆஃப் செய்வோம். அட்மின் அனுமதி கேட்கும், யெஸ் கொடுப்போம். போட்டோஷாப் ஜோராக ஓடும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் லாகின் குக்கீகளும் பின்னால் யாருக்கோ போய்க்கொண்டிருக்கும். குக்கீ கைமாறினால், பல சமயம் ஓடிபி இல்லாமலேயே உங்கள் மெயிலுக்குள் நுழைந்துவிடலாம். கம்ப்யூட்டர் ஸ்லோ ஆகாது, திரையில் மண்டை ஓடும் வராது. ‘வைரஸ் வந்தால் தெரியாமலா போகும்’ என்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். லிப்ரேஆபீஸும் ஜிம்ப்பும் இலவசமாகவே கிடைக்கின்றன.

நம்பிக்கை: பென் டிரைவில் பிடிஎஃப்தானே இருக்கிறது, என்ன வந்துவிடும்?

உண்மை: ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவந்து வீட்டில் செருகியதும் ஃபோல்டர்களின் மூலையில் குட்டி அம்புக்குறி தெரிகிறதா? அசல் ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட் உட்கார்ந்திருக்கிறது. டபுள் கிளிக் செய்தால் வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும். அதனால்தான் சந்தேகமே வருவதில்லை. பதறிப்போய் ஃபார்மட் செய்யாதீர்கள். முதலில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொன்னால், பெரும்பாலும் எல்லாம் அப்படியே இருக்கும். ஃபைல் எக்ஸ்டென்ஷனையும் காட்டச் சொல்லிவிடுங்கள். விண்டோஸ் அதை மறைத்துவைப்பதால், கடைசியில் இஎக்ஸ்இ என்று முடியும் ஃபைலால்கூடப் பிடிஎஃப் வேஷம் போட முடிகிறது. 2000-ல் உலகைச் சுற்றிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் மெயிலும் இதே தந்திரத்தோடுதான் வந்தது.

நம்பிக்கை: மேக்குக்கு வைரஸ் வராது.

உண்மை: 2012-ல் ஃபிளாஷ்பேக் என்ற வைரஸ் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மேக்குகளைப் பிடித்தது.

நம்பிக்கை: எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எப்போதும் மாட்டியே இருக்கிறது, பேக்கப் பத்திரம்.

உண்மை: ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால், மாட்டியிருப்பதையும் சேர்த்துப் பூட்டும். காப்பி எடுத்ததும் கழற்றிப் பீரோவில் வையுங்கள். வைரஸ் வந்தே விட்டால், அதை நீக்கும் இலவசக் கருவிகள் மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் உள்ளன. கணக்கிலிருந்து பணமே போய்விட்டால், ஸ்கேன் செய்துகொண்டிருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.