தட்டில் இட்லி வரட்டும், பிறகு மாத்திரை

தங்கச்சி, உன் வீட்டு மாத்திரை டப்பா இப்போது உன் பொறுப்புக்கு வந்திருக்கிறது. மாமியாருக்கும் சுகர், மாப்பிள்ளைக்கும் சுகர் என்பதால் இருவர் மாத்திரையும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதே. சுகர் மாத்திரைகளில் சில, ஆள் சாப்பிடாமல் இருந்தாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். சில அப்படிச் செய்யாது. யாருடையது எந்த வகை என்று தெரிந்துகொள்வதுதான் உன் முதல் வேலை.

ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பார். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். பக்கத்திலேயே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அங்கே கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு என்று ‘கிளி’யில் தொடங்கும் பெயர் எதுவும் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று பார்த்துச் சுரக்க வைப்பதில்லை. உன் மாமியார் சாப்பிடுவது கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. அதனால் அவர் விஷயத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, குளித்து, பூஜை முடித்து, ஒன்பதரை மணிக்கு இட்லி சாப்பிடுவது எத்தனையோ வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. கிளிமிபிரைடுக்கு இது சரிப்படாது. அன்றைய முதல் பெரிய சாப்பாட்டோடு, அல்லது சாப்பிட உட்காரும்போது போட வேண்டிய மாத்திரை அது. தட்டில் இட்லி வந்த பிறகு மாத்திரையைக் கையில் கொடு. வெறும் காபியும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பாட்டுக் கணக்கில் வராது. பசியில்லை, வாந்தி, பேதி என்று சாப்பாடு வேண்டாம் என்றால், அந்த மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டருக்குப் போன் பண்ணு. ஒரு வேளை விட்டுப்போனால், அடுத்த வேளை இரண்டாகக் கொடுத்து ஈடுகட்டக் கூடாது.

ஃபாஸ்டிங் ரத்தம் கொடுக்கப் போகும் நாளிலும் இதே கவனம் வேண்டும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து முடித்து, டிபன் சாப்பிடும்போது வழக்கமான மாத்திரையைப் போடட்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் டெஸ்ட்டும் அப்போதுதான் உண்மையைக் காட்டும். ஏகாதசி, சஷ்டி, கிருத்திகை என்று விரதம் இருப்பவர் என்றால், ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் சொல்லி, அன்றைக்கு எந்த மாத்திரை, எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள். விரதம் இருக்கக் கூடாது என்று அவர் மனதை நோகடிக்கத் தேவையில்லை. சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து.

லோ சுகர் எப்படி வரும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், திடீரென்று அகோரப் பசி எடுக்கும். வயதானவர்களுக்கு இதெல்லாம் இல்லாமலே வரலாம். காரணமில்லாத கோபம், பேச்சுக் குழறல், கேட்டதையே திரும்பக் கேட்பது, தூக்கக் கலக்கம் போல உட்கார்ந்திருப்பது. ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் குளுக்கோமீட்டரை எடுத்துப் பார். பிரஷருக்கோ இதயத்துக்கோ மெட்டோபிரலால், அட்டினலால் மாதிரி மாத்திரை சாப்பிடுபவர் என்றால் நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

70-க்குக் கீழே காட்டினால், அல்லது மீட்டர் கைக்கு எட்டாமல் சந்தேகமாக இருந்தால், மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடு. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடு. ஏறிய பிறகு இட்லியோ சாதமோ சாப்பிட வை. சர்க்கரைத் தண்ணீர் போதாதா என்று கேட்பாய். பலருக்குப் போதும். ஆனால் அந்தப் பொடி எழுத்தில் வாக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்றும் இருந்தால், நம் சமையலறைச் சர்க்கரை குடலில் உடைந்து ரத்தத்தில் சேர நேரம் பிடிக்கும். அந்த மருந்தின் வேலையே அதைத் தாமதப்படுத்துவதுதான். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வாக்லிபோஸ் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை நம் ஊரில் நிறையப் பேருக்கு எழுதுகிறார்கள். அதனால் வீட்டில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட், கைப்பையில் ஒரு சின்னப் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதே. புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடு. இன்னொன்று முக்கியம். கிளிமிபிரைடால் இறங்கிய சர்க்கரை, குளுக்கோஸ் கொடுத்ததும் ஏறி, சில மணி நேரத்தில் திரும்பவும் இறங்கலாம். வயதானவர், கிட்னி பலவீனமானவர் என்றால் தெளிந்துவிட்டாரே என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரியில் காட்டிவிடு. 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிளிபென்கிளமைடு ஏற்றதில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே சொல்கிறது. யாராவது பெரியவர் வருடக்கணக்காக அதையே வாங்கிச் சாப்பிடுகிறார் என்றால், மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்.

எனக்கு அதிகம் பயம் தருவது இரட்டை மாத்திரைதான். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-ல் தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நடக்க முடியாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! ஆனால் அதே பெரியவர் தனியார் டாக்டரிடமும் காட்டி, அங்கே எழுதிய மாத்திரையையும் வாங்கினால், நிறம் வேறு, பெயர் வேறு, உள்ளே மருந்து ஒன்றே. இரண்டையும் விழுங்கிவிடுவார். ஆஸ்பத்திரியில் படுத்து டிஸ்சார்ஜ் ஆகி வரும்போதும் இதே குழப்பம் வரும். புதுச் சீட்டு வந்த அன்றே பழைய ஸ்ட்ரிப்போடு பொடி எழுத்தை ஒப்பிட்டுப் பார். பெயருக்குப் பின்னால் வரும் எம்1, எம்2 என்பதையும் கவனி. பல கம்பெனிகளில் அது கிளிமிபிரைடின் அளவு, 1 மி.கி., 2 மி.கி. ‘எம்1 இல்லை, எம்2 இருக்கு’ என்று கடையில் நீட்டினால் வாங்காதே.

யூரின் இன்ஃபெக்‌ஷனுக்குக் கொடுக்கும் கோ-ட்ரைமாக்சசோல், சிப்ரோஃப்ளாக்சசின், பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், இவை கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரை அதிகமாக இறங்கலாம். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் சுகர் மாத்திரையின் பெயரைச் சொல்.

மாப்பிள்ளை சாப்பிடும் மெட்ஃபார்மின் வேறு குணம். கல்லீரல் சர்க்கரையைக் கொட்டுவதைக் குறைப்பதுதான் அதன் முக்கிய வேலை. தனியாகச் சாப்பிட்டால் லோ சுகர் அரிது. தொல்லையெல்லாம் வயிற்றில்தான் வரும். சாப்பாட்டோடு போட்டால், டாக்டர் டோஸை மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். எஸ்.ஆர். என்று போட்டிருந்தால் பொடிக்கவோ மெல்லவோ வேண்டாம். மலத்தில் மாத்திரைக் கூடு வந்தாலும் பதறாதே, மருந்து உள்ளே இறங்கிவிட்டது. கடும் வாந்தி, பேதி வந்து உடம்பில் நீர் வற்றினால் அது நிற்கும் வரை மெட்ஃபார்மினை நிறுத்திவைக்கச் சொல்வார்கள். டாக்டரிடம் உடனே கேள். சி.டி. ஸ்கேனுக்குச் சாய ஊசி போடுவதானால் மெட்ஃபார்மின் சாப்பிடுவதை அங்கே சொல்லிவிட வேண்டும். மதுவும் மெட்ஃபார்மினும் சேரவே கூடாது, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். கால் மரத்துப்போவதும் எரிவதும் சர்க்கரையால்தான் என்று முடிவுகட்டும் முன் பி12 டெஸ்ட் எடுக்கக் கேள்.

அவருக்குப் புதிதாகச் சேர்த்த டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து. அதனால் யூரின் டெஸ்ட்டில் சர்க்கரை காட்டத்தான் செய்யும். பிறப்புறுப்பில் அரிப்பு வந்தால் கூச்சப்படாமல் சொல்லச் சொல், எளிதில் குணமாகும். பெண்கள் இதை மாதக்கணக்கில் மறைத்து அவதிப்படுகிறார்கள், அது வேண்டவே வேண்டாம். பட்டினி, ஆபரேஷன், கடும் காய்ச்சல் காலத்தில் இந்த மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டும். ஆபரேஷன் என்றால் மூன்று நாள் முன்பே டாக்டரிடம் கேட்க வேண்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் என்று வந்தால் மீட்டர் 180 காட்டினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறியிருக்கலாம்.

கடையில் ஸ்ட்ரிப்பை வெட்டித் தரும்போது பெயரும் தேதியும் உள்ள துண்டைக் கேட்டு வாங்கு. மாத்திரை டப்பாவை அடுப்பு மேடையில் வைக்காதே. வருடத்துக்கு ஒருமுறையாவது கிரியேட்டினின் பார்க்க வேண்டும். கிட்னி தளர்ந்தால் இந்த மாத்திரைகளின் அளவே மாறும். மாமியார் முன்பு போலச் சாப்பிடுவதில்லை, இளைத்துவிட்டார் என்றால் அதையும் டாக்டரிடம் சொல். டோஸைக் குறைத்து எழுதினால் பழைய ஸ்ட்ரிப்பை அன்றே டப்பாவிலிருந்து எடுத்துவிடு.